அசனத்தில் வெந்த கை

1

போன சனிக்கிழமை என் இடது காலில் ஒரு பெட்டி நிறையத் தக்காளி டப்பா விழுந்தது.

இங்கிலாந்தின் வடக்கே, மழை நின்றாலும் ஈரம் காயாத ஒரு சின்ன ஊரில் பதினாறு வருஷமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, இல்லாதவர்களுக்குச் சமையல் சாமான் கொடுக்கும் ஒரு கூடத்தில் போய் நின்று டப்பா அடுக்குகிறேன். சம்பளம் கிடையாது. நல்ல மனசு என்று யாரும் மெச்ச வேண்டாம். மகள் ஜெனியின் பள்ளிக்கூடத்தில் தொண்டு செய்யச் சொன்னார்கள். அவளைத் தனியாக அனுப்ப எனக்கு மனமில்லை. அப்படித் தொடங்கியது.

பெட்டி விழுந்ததும் நான் மூன்று தடவை 'சாரி' சொன்னேன். யாரிடம் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை. கூடத்தைக் கவனிக்கும் வெள்ளைக்காரப் பெண் என்னை நாற்காலியில் உட்கார வைத்து, விபத்துப் புத்தகம் என்று ஒரு தடித்த நோட்டைக் கொண்டுவந்தாள். எப்படி நடந்தது என்ற கட்டத்தில் நான் எழுதினேன்: 'என் தவறு. நான் கவனமாக இருந்திருக்க வேண்டும்.' அவள் படித்துப் பார்த்து, "என்ன நடந்தது என்பதை மட்டும் எழுதுங்கள். யார் தவறு என்பது பிறகு" என்று சொல்லிவிட்டு, அலமாரியின் மேல்தட்டு எவ்வளவு உயரம் என்று அளந்து போட்டோ எடுத்தாள். செவ்வாய்க்கிழமை வீட்டுக்குக் கடிதம் வந்தது. சம்பளமில்லாமல் வேலை செய்பவர்களுக்கும் தங்களிடம் காப்பீடு உண்டு, செலவோ வேலை இழப்போ இருந்தால் இந்த முகவரிக்கு எழுதலாம் என்று இருந்தது.

உடனே உருகிப்போக வேண்டாம். அந்தப் பெண்ணுக்கு என் மேல் பாசம் ஒன்றும் கிடையாது. பதினாறு வருஷமாகியும் என் பெயரை அவர்களில் ஒருத்தர் கூட ஒழுங்காகச் சொல்வதில்லை. நாளைக்கு இவள் வக்கீலோடு வந்து நின்றால் என்ன செய்வது என்ற பயம், அவ்வளவுதான். இருக்கட்டும். அந்தப் பயம் எனக்குப் போதும்.

காரில் வரும்போது ஜெனி இங்கிலீஷில் கேட்டாள். பதினேழு வயதாகிறது, தமிழ் கேட்டால் புரியும், பேச வராது, வர வேண்டும் என்ற எண்ணமும் கிடையாது. "ஏன் பொய் எழுதினாய்? உன் தவறு இல்லையே" என்றாள். நான் ரோட்டைப் பார்த்தேன். அவள் காதில் பாட்டை மாட்டிக்கொண்டாள்.

அன்றைக்கு அவளுக்குச் சொல்லாத பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். இன்னும் ஐந்து வாரம் போனால் என் தங்கை ஷைலாவின் வலது கை வெந்து மூன்று வருஷம் ஆகும். ஊர்ச் சபைக்காக இலவசமாக வேலை செய்தபோது வெந்த கை அது. அந்த மூன்று வருஷம் முடிவதற்குள் வழக்குப் போட வேண்டும். முடிந்துவிட்டால் கோர்ட்டு வாசல் அடைபட்டது போலத்தான்.

2

திருவட்டாறு பக்கம் எங்கள் ஊர். சபையின் பெயரைச் சொல்ல மாட்டேன். பெயர் கெட்டுப்போகும் என்றுதானே இத்தனையும் நடந்தது, அந்தப் பெயரை அவர்களே பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும்.

அசனம் தெரியாதவர்களுக்காக: சபைத் திருவிழா முடிவில் எல்லாரும் ஒரே பந்தலில் உட்கார்ந்து சாப்பிடும் சாப்பாடு. பணக்காரன், கூலிக்காரன் என்று பந்தி பிரிக்கக் கூடாது. சமையலுக்கு ஒரு ஆளைக் கூலிக்கு வைப்பார்கள். தேங்காய் துருவுவது, காய் நறுக்குவது, இறக்குவது, பரிமாறுவது எல்லாம் சபையாரின் கை. நல்ல வழக்கம்தான். வழக்கத்தின் மேல் எனக்குப் பகையில்லை.

சாம்பார் வைப்பது வார்ப்பில். வெண்கலத்தில் வார்த்த பெரிய பாத்திரம், இரண்டு பக்கமும் காது இருக்கும், காதில் கம்பு நுழைத்து நான்கு ஆண்கள் தூக்கி இறக்குவார்கள். எங்கள் சபை வார்ப்பின் ஒரு காது அதற்கு முந்தின வருஷமே விரிசல் விட்டிருந்தது. கமிட்டியில் பேசி, 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்று மினிட் புத்தகத்தில் எழுதி, இப்போதைக்குக் கம்பியால் சுற்றிக் கட்டினார்கள். பந்தல் வாசலில் பேர் தெரியப் பெரிய பிளெக்ஸ் அடிக்க மட்டும் அடுத்த வருஷம் வரை யாரும் காத்திருக்கவில்லை.

அந்த பிளெக்ஸில் என் பெயரும் இருந்தது. 'சாம்பார் நன்கொடை: சாந்தி ஜெயராஜ் குடும்பம், இங்கிலாந்து.' ஷைலா அதைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினாள். நான் ஆஸ்பத்திரியில் கூட வேலை செய்கிறவர்களிடம் காட்டினேன். அந்தப் பெருமையையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஷைலா தையல்காரி. ஜாக்கெட் தைப்பதில் எங்கள் பக்கம் நாலு ஊருக்கு அவள்தான். அசனத்துக்கு ஒரு வாரம் முன்பு சபை வாட்சப் குழுவில் செயலர் ஒரு பட்டியல் போட்டார். 'சாம்பார் கோருதல்: ஷைலா வில்சன்' என்று அதில் இருந்தது, அதாவது வார்ப்பிலிருந்து வாளியில் மொண்டு எடுக்கிற வேலை. கடைசியில் ஒரு வரி: 'வராதவர்கள் காரணத்தைக் கமிட்டிக்குத் தெரிவிக்க வேண்டும்.' தொண்டுக்கு வராவிட்டால் காரணம் சொல்ல வேண்டுமாம். இங்கே என் ஆஸ்பத்திரி மேனேஜர் கூட இவ்வளவு அதிகாரமாக எழுத மாட்டாள்.

மூன்றாம் பந்திக்கு வார்ப்பை இறக்கும்போது கம்பி அறுந்து காது விட்டது. வார்ப்பு சாய்ந்த பக்கம் வாளியோடு நின்றவள் ஷைலா. வலது கை முழங்கை வரை, வலது தொடை. ஓடிவந்தவர்கள் கையில் பற்பசை தடவினார்கள். குழாயில் பச்சை வெள்ளம், குளிர்ந்த தண்ணீர், ஓடிக்கொண்டிருந்தது, அதில் கையைக் காட்ட ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

3

இனி நடந்தது எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யும் காரியம்.

வேனில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது செயலரும் ஏறிக்கொண்டார். பென்ஷன் வாங்கும் மனிதர், வெள்ளை வேட்டியில் ஒரு பொட்டு மஞ்சள் படாமல் அசனம் நடத்துவார். ஷைலாவின் கணவன் வில்சனிடம் சொன்னார்: "மக்கா, ஆஸ்பத்திரில கேட்டா சபைன்னு சொல்லாண்டாம். போலீசு வந்தா திருவிழா நிக்கும். கர்த்தருக்க காரியத்துக்கு ஒரு கெட்ட பேரு வேண்டாம், கேட்டியா?"

ஷைலாவுக்கு அப்போது நினைவு இருந்தது. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, டாக்டர் கேட்டதற்கு அவளே சொன்னாள்: "வீட்டில வச்சு சாம்பாரு கொட்டியது." விபத்துப் பதிவேட்டில் அப்படியே ஏறியது.

கல்யாணமான பெண், வீட்டுக்குள் வெந்திருக்கிறாள் என்றால் ஆஸ்பத்திரி சும்மா இருக்குமா. ஸ்டேஷனுக்குத் தகவல் போயிற்று. சபைக்குப் போலீஸ் வரக் கூடாது என்று இவர்கள் சொன்ன பொய், போலீசை நேரே வில்சனின் வீட்டுக்குக் கூட்டிவந்தது. ரப்பர் பால்வெட்டுக்குப் போய்க் கிடைப்பதை வீட்டில் கொடுக்கிற மனுஷன், மனைவியிடம் சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவன். அவனை ஸ்டேஷனில் ஒரு பகல் முழுக்க நிறுத்தினார்கள். ஏட்டு கேட்டாராம்: "வீட்டில எத்தன பேருடே? நாலு பேருக்கு முழங்கை வரைக்கும் வேகுத அளவுக்கா சாம்பாரு வச்சிய? உண்மையச் சொல்லு, என்ன சண்ட?"

வில்சன் வாயைத் திறக்கவில்லை. செயலர் ஸ்டேஷனுக்கு வரவே இல்லை. போதகர் ஜெபித்துக்கொண்டிருப்பதாகச் சொல்லி அனுப்பினார். கடைசியில் போலீஸ்காரர் ஆஸ்பத்திரிக்குப் போய் ஷைலாவிடம் வாக்குமூலம் எழுதி வாங்கினார். 'என் கணவர் மேல் குற்றமில்லை. என்னுடைய கவனக்குறைவால் நடந்தது.' வலது கை கட்டுக்குள் இருந்ததால் இடது பெருவிரலை வைத்தாள்.

ஆக, செய்யாத குற்றத்தை என் தங்கை இரண்டு இடத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறாள். அன்றைக்கு அசனம் நிற்கவில்லை. நாலாம் பந்தியும் நடந்தது, ரசம் வைத்துச் சமாளித்தார்களாம்.

காயம் ஆறி, தோல் இறுகி, பெருவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொடாமல் நின்றுவிட்டன. கத்திரி பிடிக்க வராது. ஊசியில் நூல் கோர்க்க வராது. இறுகிய தோலை அறுத்து விட்டு வேறு தோல் வைத்தால் விரல் மடங்க வாய்ப்பு உண்டு என்கிறார்கள். அந்த ஆப்பரேஷனும் அதற்குப் பிறகான பயிற்சியும் பால்வெட்டுக்காரன் தாங்குகிற செலவில்லை. நான் தருகிறேன் என்றால் ஷைலா வாங்க மாட்டாள். "நீயா கொட்டின?" என்று கேட்பாள்.

அடுத்த வருஷ அசனப் பட்டியலில் மறுபடியும் அவள் பெயர் இருந்தது. காய் நறுக்க.

4

குழித்துறை கோர்ட்டில் பெனிலா என்றொரு வக்கீல், ஷைலாவிடம் துணி தைத்தவள். ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்து கையைப் பார்த்துவிட்டு அவள்தான் முதலில் கேட்டாள், ஏன் கேஸ் போடவில்லை என்று. பிறகு என்னோடு வீடியோவில் பேசினாள். அவள் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். கோயில் கொடைக்கு, பள்ளி ஆண்டுவிழாவுக்கு, வெள்ள நிவாரணத்துக்கு என்று எதற்காவது நீங்களும் போய் ஓசியில் முதுகு ஒடியத்தானே போகிறீர்கள், உதவும்.

"அக்கா, மொதல்ல ஒண்ணு. சம்பளம் இல்லாததுனால தொழிலாளிக்க நஷ்டஈட்டுச் சட்டம் இவளுக்குப் பொருந்தும்ன்னு சொல்லுதது கஷ்டம். அதுக்காக வழியே இல்லன்னு ஆவாது. ஒரு இடத்த நடத்துதவன், அங்க வந்து வேல செய்யுதவங்களுக்கு ஆபத்து வராம பாத்துக்கிடணும். பாக்கல்லன்னா கவனக்குறைவு. அதுக்கு சிவில் கோர்ட்டுல நஷ்டஈடு கேக்கலாம்."

செயலர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். தானாக வந்தாள், யார் கூப்பிட்டது என்பார். அதைச் சொன்னேன். பெனிலா சிரித்தாள்.

"சாம்பாரு கோர சம்மதிச்சா. ஒடஞ்ச காதுக்க அடியில நிக்க சம்மதிக்கல்ல. ரெண்டும் வேற. அதுக்கு மேல அந்த வாட்சப் லிஸ்ட்டு இருக்கு. வரல்லன்னா காரணம் சொல்லணும்ன்னு அவங்களே எழுதியிருக்காங்க. கமிட்டி மினிட்டுல காது ஒடஞ்சது தெரியும்ன்னும் இருக்கு. அத கோர்ட்டு வழியா வரவழைக்கலாம்."

கையில் காசில்லாதவர்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே உண்டு என்பது எனக்கு அன்றுதான் தெரியும். கோர்ட்டுப் படி ஏறாமல் சமரசம் பேசுகிற வழியும் இருக்கிறது. லோக் அதாலத்தில் இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டால் அதோடு முடிந்தது. விழா நடத்துகிறவர்கள் முன்கூட்டியே பொதுப்பொறுப்புக் காப்பீடு எடுக்கலாம், எடுத்திருக்கிறார்களா என்று கேட்க வேண்டும். எங்கள் சபை பட்டாசுக்குச் செலவழித்தது, காப்பீட்டுக்கு இல்லை. நோட்டீஸ் அனுப்பிவிட்டோம் என்று சும்மா இருந்தால் காலம் நிற்காது, மூன்று வருஷத்துக்குள் வழக்கைக் கோர்ட்டில் பதிய வேண்டும்.

"எல்லாம் கொள்ளாம்" என்றாள் பெனிலா. "ஒரே ஒரு இடத்துலதான் இடிக்குது. ஆஸ்பத்திரியில வீடுன்னு சொல்லியாச்சு. போலீசுகிட்டயும் சொல்லியாச்சு. எதிர்க்கட்சி வக்கீலு மொத நாளே அதத்தான் எடுத்து விரிப்பான். ஏன் பொய் சொன்னா, யாரு சொல்லச் சொன்னா, அத நிரூபிச்சா மீதி நான் பாத்துக்கிடுவேன்."

5

கேஸ் பேச்சு எழுந்தது சபைக்குத் தெரிய ரெண்டு நாள் ஆகவில்லை. செயலர் எனக்குப் போனில் விளித்தார். மூன்று வருஷத்தில் முதல் தடவை.

"சாந்தி மக்களே, சொகந்தானா? பிள்ளைக்கு பரீட்ச முடிஞ்சுதா?"

"ஷைலாவுக்குக் கை முடியல்ல சார்" என்றேன்.

"அதுக்குத்தானே ஞாயிறுதோறும் ஜெபிக்கோம். பாரு, சபைக்க மேல ஒரு விசுவாசி கேஸு போடலாமா? கோர்ட்டுல போயி சகோதரனுக்க மேல வழக்காடக் கூடாதுன்னு வேதத்துலயே இருக்கு."

"ஒடஞ்ச வார்ப்புக்க அடியில சகோதரிய நிறுத்தலாம்ன்னு எந்த அதிகாரத்துல இருக்கு சார்?"

அவர் குரல் மாறியது. "நீ வெளிநாட்டுல போயி படிச்சுட்டு வந்து இங்க கலகம் உண்டாக்காத. ஆஸ்பத்திரில வீட்டில வச்சுன்னு சொன்னது அவளாக்கும். நான் எழுதிக் குடுத்தனா? நான் ஒரு ஆலோசன சொன்னேன். கேக்கதும் கேக்காததும் அவியளுக்க இஷ்டம்."

நான் வாய்க்கு வந்தபடி பேசினேன். எழுத முடியாத வார்த்தைகள். தீக்கும் வெள்ளத்துக்கும் வித்தியாசம் தெரியாத கூட்டத்துக்கு நீர் செயலர் என்றேன். முதுகெலும்புக்குப் பதில் மைக்கு வைத்திருக்கிறவர் என்றேன். அவர் போனை வைத்தார். எனக்குக் கொஞ்ச நேரம் சுகமாக இருந்தது.

ஜெனி மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் தமிழில் கத்துவதை அவள் வீட்டில் அதிகம் கேட்டதில்லை. "யார் அது? ரொம்ப கெட்டவரா?" என்று இங்கிலீஷில் கேட்டாள். "ரொம்ப" என்று தமிழில் சொன்னேன்.

6

மூன்றாவது பகுதியில் ஒன்றை விட்டுவிட்டேன். மறதியால் இல்லை. எழுத உட்காரும் ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் பேனா தாண்டிப் போகிறது.

வேனிலிருந்து வில்சன் எனக்கு விளித்தான். இங்கே காலை, நான் டீ போட்டுக்கொண்டிருந்தேன். வீடியோவில் தங்கையின் கை தெரிந்தது. வில்சனுக்குச் செயலரின் பேச்சில் இஷ்டமில்லை. அவன் கேட்டான்: "மைனி, சபைல வச்சுன்னு சொல்லாண்டாம்ன்னு சாரு சொல்லுதாரு. நீங்க ஆஸ்பத்திரில வேல செய்யுதவங்க. நான் என்ன சொல்லணும்?"

நான் சொன்னேன்: "வீட்டில வச்சு கொட்டியதுன்னு சொல்லு. கேஸு கீஸுன்னா மருந்து குடுக்க லேட்டாக்குவானுவ. மொதல்ல ஆஸ்பத்திரிக்குள்ள கேற்று."

அது உண்மையில்லை என்று எனக்கே தெரியும். கேஸாக இருந்தாலும் சிகிச்சையை நிறுத்தக் கூடாது. நான் நர்ஸ், தெரியாமல் இருக்குமா? என் பெயர் பிளெக்ஸில் இருந்தது. என் சாம்பார். வருஷம் ஒரு தடவை ஊரில் என் பெயரை மைக்கில் வாசிக்கிற நாள். அது போலீஸ் கேஸாகப் போவதை நான் விரும்பவில்லை. டீ ஆறுவதற்குள் யோசித்து முடித்துவிட்டேன்.

ஷைலா போனில் கேட்டுக்கொண்டிருந்தாள். செயலர் சொன்னபோது அவள் பேசாமல் இருந்தாளாம். நான் சொன்ன பிறகுதான், "சரி, அக்கா சொல்லியாச்சுல்லியா" என்றாளாம். வில்சன் இதை எனக்குச் சொன்னது ஒன்றரை வருஷம் கழித்து. குற்றம் சொல்லவில்லை. பேச்சோடு பேச்சாகச் சொன்னான்.

பெனிலாவிடம் இதைச் சொல்ல எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. செயலர் சொன்னதாக மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் பேப்பர் எடுத்தாள்.

"அக்கா, இதுதான் எனக்கு வேணும். வேனுக்குள்ள என்ன பேச்சு நடந்துதுன்னு கேட்ட ஆளு நீங்க. சாரு சொன்னத வில்சன் ஒங்ககிட்ட அந்த நேரத்துலேயே சொல்லியிருக்காரு. போன் விளிச்ச பதிவு இருக்கும். எங்க நடந்தது, ஏன் மாத்திச் சொன்னாங்க, ரெண்டுக்கும் நீங்க சாட்சி. ஒரு சத்தியப் பிரமாணம் எழுதி அனுப்புங்க. அப்புறம் கோர்ட்டு கேட்டா சாட்சியும் சொல்லணும்."

அதாவது, ஆஸ்பத்திரியில் பொய் சொல்லும்படி ஒரு நர்ஸான நானே சொன்னேன் என்று நானே எழுதி, கையெழுத்திட்டு, முத்திரை வாங்க வேண்டும்.

7

என் வீட்டுக்காரர் ஜெயராஜ் நான் எழுதிய அந்தப் பேப்பரைப் படித்துவிட்டு மேஜையில் வைத்தார். "உனக்க நர்ஸ் பதிவு என்ன ஆவும்ன்னு யோசிச்சியா? இங்க நேர்மைன்னு சொல்லி வேலைய விட்டே தூக்குவான். வீட்டுக் கடன் யாரு அடைப்பா?" என்றார். பயத்தில்தான் சொன்னார். அவர் சொன்னது தப்பும் இல்லை. இங்கே நர்ஸ்களைப் பதிவு செய்யும் அமைப்புக்கு மருந்து மாற்றிக் கொடுத்தவளை விட, பொய் சொன்னவள் மேல் கோபம் அதிகம்.

மூன்று வாரம் அந்தப் பேப்பர் மேஜையில் கிடந்தது. ஜெனி அதன் மேல் புத்தகம் வைத்தாள். நான் எடுத்துத் துடைத்துத் திரும்ப வைத்தேன். அந்த மூன்று வாரமும் செயலரைத் திட்டுவதில் எனக்கு ஒரு குறைச்சலும் இல்லை. சொந்தக்காரர் யாராவது போனில் அகப்பட்டால் போதும், முழுக் கதையும் சொல்லி, அந்த ஆளை மென்று துப்புவேன்.

பிறகு ஷைலா விளித்தாள்.

"அக்கா, பெனிலா சொன்னா. அந்தப் பேப்பரு உனக்குக் கஷ்டமாயிருக்குன்னா வேண்டாம். யாரும் எங்கிட்ட ஒண்ணும் சொல்லல்ல, வலியில நானாட்டு ஒளறிட்டேன்னு எழுதிக்கிடுதேன். உனக்க பேரு வரண்டாம். பிள்ள படிக்குது, வீடு வாங்கியிருக்கிய."

அப்போது எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். நிம்மதி. நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கிய மாதிரி, நல்ல நிம்மதி. "சரி மக்களே" என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் இவள் தன் வாயாலேயே 'வீட்டில வச்சு' என்று சொன்னபோது செயலருக்கும் இந்த நிம்மதிதானே வந்திருக்கும். நான் மூன்று வருஷமாகக் காறித் துப்பிய அதே நிம்மதி. அவர் கெட்டவர் என்று மகளிடம் சொன்ன வாய் இது. சீ என்று ஆகிவிட்டது எனக்கு.

"நீ ஒண்ணும் மாத்தி எழுதாண்டாம். வை போன" என்றேன்.

8

நம் நாட்டுக் கான்சுலேட்டில் ஒரு கையெழுத்துக்கு மரியாதை வாங்குவது என்றால் சும்மா இல்லை. இணையத்தில் நேரம் பதிய வேண்டும், அந்தப் பக்கம் மூன்று தடவை செத்துப் பிழைக்கும். போட்டோ அவர்கள் சொல்லும் அளவில் இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் 'மேரி சாந்தி', இங்கத்திய அட்டையில் 'சாந்தி ஜெயராஜ்', ஆக நான் இரண்டு பெண்மணிகள் இல்லை என்று தனியாக ஒரு கடிதம். ரயில் பிடித்துப் போனேன். ஜெனி கூட வருகிறேன் என்றாள். ஏன் என்று கேட்கவில்லை. ரயிலில் அந்தப் பேப்பரை இங்கிலீஷில் அவளுக்கு முழுவதும் சொன்னேன், பிளெக்ஸ் உட்பட. அவள் காதிலிருந்து பாட்டைக் கழற்றிவிட்டுக் கேட்டாள். கேட்டு முடித்து அந்தப் பேப்பரை வாங்கி மடங்காமல் என் பைக்குள் வைத்தாள்.

கவுண்டரில் ஒரு மனிதர், கண்ணாடிக்குப் பின்னால், நம் ஊர் அலுவலகங்களில் இருக்கும் அதே சலிப்போடு பேப்பரைப் புரட்டினார். பக்கம் இரண்டில் நின்று படித்தார். என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார்.

"இதில் இருப்பதெல்லாம் உண்மைதானா?" என்று இங்கிலீஷில் கேட்டார். எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான்.

"உண்மை" என்றேன். அவர் முன்னால் கையெழுத்துப் போட்டேன். முத்திரை குத்தி, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

கூரியர் கடையிலிருந்தே ஷைலாவுக்கு விளித்தேன். நான் போட்டுவிட்டேன், நாலு நாளில் பெனிலா கைக்கு வரும், நீ கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வக்காலத்தோடு சேர்த்து உடனே கோர்ட்டில் பதியச் சொல் என்றேன்.

"நான் இதுவரைக்கும் அந்த வக்காலத்துல ஒப்பு போடல்லக்கா" என்றாள் ஷைலா. "பெனிலா பேப்பரு தந்து ரெண்டு மாசம் ஆச்சு. கேக்கும்போ எல்லாம் நாளைக்கு நாளைக்குன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"ஏன்டி?"

"செயலரு என்ன விட்டுட்டாரு, போதகரு விட்டுட்டாரு. அவியளுக்க மேல கேஸு போட எனக்கு ஒரு வெசனமும் இல்ல. நீயும் விடுவியான்னு பாத்துகிட்டு இருந்தேன். நீ விட்டியன்னா அப்புறம் அவியள மட்டும் என்னத்துக்குக் கோர்ட்டுக்கு இழுக்கணும்?"

கூரியர்காரன் ரசீதை நீட்டிக்கொண்டிருந்தான், ஜெனி அதை வாங்கினாள்.

"இனி போடுதேன்" என்றாள் ஷைலா. "நாளைக்குக் காலத்த வில்சனோட போயி பெனிலாகிட்ட குடுக்கேன். இடது கைல ஒப்பு கோணலாத்தான் வரும். அது போதும்ல்லியா?"